வாத்து தின்னாத கோலம்

பக்கத்து வீட்டு வாத்துகள் மொத்தம் ஏழு. சைகோனில், மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். அம்மா வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் அந்த ஏழும் வரிசையாக வந்து கடைசிப் புள்ளி வரை தின்றுவிட்டுப் போகும். காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்தபின் எங்களுக்கு அது முதல் மார்கழி. பத்து நாள் பொறுத்த அம்மா பதினோராம் நாள் கோலக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஊர்ல கல்லுமாவு இருக்கும், எறும்புகூட சீண்டாது. இங்க வாத்துக்குப் பந்தி வைக்கவா நான் விடியக்காலைல எந்திரிக்கிறேன்?"

அதன்பிறகு ஊர்ப் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுப்பதும் திரும்ப மடித்து வைப்பதுமாக இருந்தாள்.

அப்பா பிரெஞ்சுக்காரர்களின் சுரங்க அலுவலகத்தில் எழுத்தர். கண்ணாடி அலமாரியில் இருக்கும் கற்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது அவர் வேலை. ஒரு சனிக்கிழமை, சீட்டு எழுதி முடியாத இரண்டு வெள்ளைக் கற்களை, வீட்டில் வைத்து எழுதலாமென்று, வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற விதியை மீறி, வீட்டுக்கு எடுத்துவந்தார். ஒன்று எந்தக் குன்றிலும் வண்டி வண்டியாகக் கிடைப்பது. மற்றது அம்ப்ளிகோனைட். பிரான்சில் ஒரு கருங்கல் மலையின் பருமணிப் பாறையில் வெட்டியெடுத்த, லித்தியம் உள்ள பாஸ்பேட் கல். அலுவலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இவையெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தவை. ஒன்பது வயதில் நான் கண்டது, அம்மா கேட்ட மாதிரி வெள்ளைக் கல் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தபோது இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். கனமான கல்லில் மாவு அதிகம் வரும் என்று முடிவு செய்து, அதை உரலில் இட்டு இடித்தேன். துணியில் சலித்தேன்.

"ஏதுடி இது?" என்றாள் அம்மா.

"அப்பா கொண்டாந்தது."

சொன்னது பொய்யில்லை.

மறுநாள் காலை அம்மா வாசலை அடைத்துத் தாமரைக் கோலம் போட்டாள். வாத்துகள் வந்தன. முதல் வாத்து ஒரு கொத்து கொத்தித் தலையை உதறிக்கொண்டு திரும்பியது. மற்ற ஆறும் அதன் பின்னால் போயின. "தின்னுங்கடி, ஏன் நின்னுட்டீங்க?" என்று அம்மா சத்தமாகச் சிரித்தாள். கப்பலை விட்டு இறங்கியபின் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"என்னங்க, ஒரு வார்த்தை சொல்லாம கல்லு கொண்டாந்திருக்கீங்க!"

அப்பா கோலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய், கற்களை வைத்திருந்த பெட்டியைத் திறந்தார். ஒரு கல்தான் இருந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் மிஞ்சியது எந்தக் கல் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். லித்தியம் இருந்தால் தீ சிவக்கும். அது அலுவலகத்தில் அவர் தினமும் பார்த்த சோதனை. கோலத்தின் ஓரத்திலிருந்து, அம்மா கவனிக்காதபடி ஒரு சிட்டிகை எடுத்துவந்தார். கொண்டை ஊசியின் நுனியில் ஒற்றி, காப்பி போடும் ஸ்பிரிட் அடுப்பின் நீலத் தீயில் நீட்டினார்.

தீ முதலில் மஞ்சளாகத் துடித்தது. பிறகு அதன் ஓரம் செக்கச்செவேலென்று சிவந்தது.

நான் கைதட்டினேன். "இன்னொரு தடவைப்பா!"

"அங்க என்ன சத்தம்?" என்று அம்மா வாசலிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒம் பொண்ணுக்கு வேடிக்கை காட்டுறேன்," என்றார் அப்பா. சொன்னபடியே ஊசியை இன்னொரு தடவை நீட்டினார்.

"இது தீந்துபோச்சுன்னா இன்னொரு கல்லு கெடைக்குமாங்க?"

"பாப்போம்."

மறு மாதம் அப்பாவைத் துறைமுகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு மூட்டைகளுக்கு முத்திரை குத்தும் வேலை. "காத்தோட்டமா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அவளும் நம்பினாள். மிச்ச மாவைச் சிக்கனமாக, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எடுத்தாள்.

நானோ, தினமும் சாயங்காலம் அவர் வாசலில் நுழைந்ததும் ஓடிப்போய், அடுத்த கல் வந்துவிட்டதா என்று அவருடைய சட்டைப் பைகளைத் துழாவினேன். அவரும் தேடி முடியும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.