கும்பிடுபூச்சிக்குப் பசித்த நாள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது என்னை அல்ல, நான் வளர்த்த கும்பிடுபூச்சியைத்தான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அன்று அது இருந்த இடம் அப்படி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கிராணியாக இருந்தார். காலையில் ஆட்களுக்குப் பேர் போடுவதும் மத்தியானம் பால் நிறுப்பதும் அவர் வேலை. ஆட்கள் குடியிருந்த லயத்திலிருந்து சற்றுத் தள்ளி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எங்கள் வீடு. சுற்றிலும் பால்மரம். கரப்பானும் வெட்டுக்கிளியும் வாடகை இல்லாமல் எங்களோடு குடியிருந்தன. மற்ற பெண்கள் கோழி வளர்த்தார்கள். எனக்குக் கோழிச் சத்தம் ஆகாது. ஒருநாள் வாசல் செம்பருத்தியில் ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி தலையைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தது. எங்கள் வீட்டில் நான் பேசினால் திரும்பிப் பார்க்கிற ஆள் கிடையாது. அதனால் அதை உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

கூண்டெல்லாம் இல்லை. ஜன்னல் திரையில் விட்டால் அங்கேயே இருக்கும். ஈர்க்கு நுனியில் கரப்பானைக் குத்தி நீட்டுவேன். முதலில் அசையாமல் நிற்கும். அப்புறம் கரப்பான் அதன் கையில் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பது, எத்தனை தடவை உற்றுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. தின்று முடித்ததும் பூனைபோல முகம் கழுவிக்கொள்ளும்.

அம்மாவின் கண்ணில் பட்டதெல்லாம் அதன் கூப்பிய கைகள்தான். "வெள்ளிக்கெழமகூட வெளக்கு ஏத்தாத ஒன்னவிட இந்தப் பூச்சி எவ்வளவோ மேலு" என்று சொல்லி, அதற்கு வாழைப்பழத் துண்டு வைத்தாள். அது பழத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழத்துக்கு வந்த ஈயைப் பிடித்துத் தின்றது. அம்மாவோ, பூச்சி பிரசாதம் சாப்பிடுகிறது என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் பாரிட் புந்தாரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அங்கே நெல் ஆலையில் கணக்கர். தாய் தகப்பன் இல்லை, அத்தைதான் வளர்த்தவர். முன்பு வந்த இரண்டு வரன்களும் என் வாயால் போயிருந்தன. பாடச் சொன்ன ஒருவரிடம், "நீங்க பாடுவீங்களா?" என்று நான் திருப்பிக் கேட்டுவிட்டேன். இன்னொருவரிடம் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. அதனால் அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்: இதுவும் தவறினால் அடுத்த கப்பலில் இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கு அனுப்பி, நான் பார்த்தே இராத ஒரு முறைமாப்பிள்ளைக்குக் கட்டிவைத்துவிடுவார். நான் இந்த மண்ணில் பிறந்தவள். கடல் தாண்டிப் போய், தெரியாத ஊரில் தெரியாத ஆளோடு குடும்பம் நடத்துவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"வாயத் தொறந்த, அவ்வளவுதான்லா" என்றாள் அம்மா.

அவர்கள் வருவதற்கு முன்பே அம்மா வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டாள். மூலை முடுக்கெல்லாம் பினாயில். நான் புட்டியில் சேர்த்து வைத்திருந்த வெட்டுக்கிளிகளைக் கால்வாயில் கொட்டிவிட்டாள். கரப்பான் ஒன்றுகூட மிச்சமில்லை. என் பூச்சி பட்டினி. நானும் பட்டினிதான். புடவை கசங்கும் என்று அம்மா காலையிலிருந்து என்னை உட்காரவே விடவில்லை. அப்புறம் எங்கே சாப்பிடுவது?

பசியெடுத்த பூச்சி திரையை விட்டு இறங்கி, ஈ தேடிக்கொண்டு முருகன் படத்து மாலையில் ஏறி உட்கார்ந்தது. போதாததற்கு, ஒரு மெலிந்த ஆண் பூச்சி எங்கிருந்தோ ஜன்னல் வழியாக வந்து அதே மாலையில் இறங்கியது.

மாப்பிள்ளையோடு உள்ளே நுழைந்ததும் அத்தை சாமி படத்தைத்தான் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா தம்பி, இந்த வீட்டுல பூச்சிகூட சாமி கும்புடுது! அதுவும் ஜோடியா! இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்? இப்பவே தட்ட மாத்திக்கலாம்!"

என்னைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெற்றிலைத் தட்டோடு எழுந்தார். அத்தையும் தம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் மட்டும் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் பூச்சி பின்பக்கமாக ஓர் அடி வைக்கும், நிற்கும், இன்னோர் அடி வைக்கும். அதற்கு இருந்த புத்தி எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் இல்லை. வயிறு காய்ந்த பெண் பூச்சியின் பக்கத்தில் போனால் என்ன ஆகும் என்பதை நான் முன்பு செம்பருத்திச் செடியில் பார்த்திருக்கிறேன். சொல்லத்தான் வாய் துடித்தது. அம்மா என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு தட்டுகளும் நெருங்கிய நேரத்தில் பெண் பூச்சி திரும்பியது. அவனை இறுக்கிப் பிடித்து, தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது.

அத்தையின் தட்டு அப்படியே நின்றது. "என்னா பண்ணுது அது?"

"கண்ணுல தூசி எடுத்து விடுதுக்கா" என்றார் அப்பா.

அதற்குள் அவனுக்குக் கண்ணே இல்லை. தலை போன பிறகும் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. அத்தை தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "புருசனத் திங்குது! சாமி மாலையிலயே திங்குது! தம்பி, எழுந்திரு, போலாம்!"

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கப்பல் சங்கு காதில் கேட்டது. இனி வாயை மூடி என்ன ஆகப்போகிறது?

"அது கெட்ட பூச்சி இல்லீங்க" என்றேன். "வீட்ட சுத்தம் பண்றேன்னு அதோட சாப்பாட்ட எல்லாம் அம்மா கொட்டிட்டாங்க. பசி. வயிறு ரொம்பியிருந்தா அவன் பாட்டுக்கு வந்துட்டுப் போயிருப்பான்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்தார். பூச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க சாப்டீங்களா?"

"இல்ல. காலையிலேருந்து ஒண்ணும் சாப்டல."

அவர் தமக்கு வைத்திருந்த கேசரித் தட்டை எடுத்து, கையை முழுசாக நீட்டி, எட்ட இருந்தபடியே என் பக்கம் தள்ளினார். நான் பூச்சிக்கு ஈர்க்கில் கரப்பானை நீட்டுவதும் அப்படித்தான்.

"அத்தே, மொதல்ல இவங்க சாப்புடட்டும். அப்புறமா தட்ட மாத்திக்கலாம்."

முதலில் சிரித்தது அத்தைதான். சிரித்துச் சிரித்து வெற்றிலையெல்லாம் கீழே கொட்டியது. நான் சிரிக்கவில்லை, எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கேசரி முழுவதையும் தின்றேன்.

கல்யாணமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றும் அவர் வேலை முடிந்து வந்தால், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே குரல் கொடுப்பார்: "சாப்டியா?"

சாப்பிடாத நாளிலும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்கிறேன். பாவம், பயப்படாமல் உள்ளே வரட்டும்.