ஆணி மடிக்கப் போன கடைசிப் பக்கங்கள்

எத்தனை முறை சோப்பு போட்டாலும் கையில் அந்தத் துரு வாசனை போகாது...

திருவனந்தபுரத்தில், சாலை என்கிற பஜாரில் ஓர் இரும்புக்கடை. போனில் வரும் ஆர்டர்களை எழுதிக்கொள்வது என் வேலை. பக்கத்து நாற்காலியில் பிந்து. நெடுமங்காட்டுக்காரி, என்னோடு வாயடித்தே தமிழ் கற்றவள்.

ஆணி மடித்துக் கொடுக்க முதலாளி அண்ணாச்சி பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கிப் போடுவார். எப்போதும் பின்னாலிருந்துதான் கிழிப்பார்.

அந்தக் குவியலில் ஒருநாள் ஓர் இங்கிலீஷ் நாவல் கிடைத்தது. வீட்டில் இருப்புக்கொள்ளாத சில இளவட்டங்கள் ஒரு நாட்டையே குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுகிற கதை. பேர்போன புத்தகம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கடைசிப் பக்கங்கள் ஏற்கெனவே ஆணியோடு போயிருந்தன. மிச்சத்தையாவது தாருங்கள் என்று கேட்டேன். என்ன கதை என்றார், சொன்னேன்.

"சோலி இல்லாத பயலுவ ஊரு சுத்துனதுக்கு இம்புட்டு பேப்பராம்மா?"

ஆனாலும் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டி இரண்டு மாதம் படித்தோம். பாதி புரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் கிளம்பும்போதெல்லாம் எங்களுக்கும் கால் பரபரக்கும்.

அப்போதுதான் எனக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. நான் அதுவரை தனியாகப் போன தூரம் எங்கள் ஊர் நாகர்கோவில் மட்டும்தான். தனியாகவெல்லாம் அனுப்ப முடியாது, ஊருக்கு வந்து கல்யாணத்தைப் பண்ணிக்கொள் என்றார் அப்பா. கம்பெனிக்குப் பதில் எழுத நான்கு நாள்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிந்து என்னைக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏற்றினாள். நெடுமங்காட்டில் மாறி, கல்லாறு போய் இறங்கினோம். ஆற்றுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

"நீ போடீ. அந்தப் புஸ்தகத்துல ஒருத்தரும் திரும்பி வந்தில்லல்லோ. போயிட்டே இருந்தாங்கல்லே?"

ஆமாம், எங்கள் புத்தகத்தில் அப்படித்தான். நடுவழியில், ஓடுகிற வண்டியில், பாதி வாக்கியத்தில் முடிந்திருந்தது.

போனேன். அப்பா ஆறு மாதம் பேசவில்லை. அப்புறம் அவரே ரயிலேறி வந்து என் ஆபீஸைப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபது வருஷம் ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, இப்போது மறுபடியும் திருவனந்தபுரத்துக்கே வந்திருக்கிறேன். போன வாரம் மகள் அந்த நாவலை என் போனில் இறக்கிக் கொடுத்தாள். இப்போது டிக்‌ஷனரி வேண்டாம். கடைசி அத்தியாயத்துக்கு நேராகப் போனேன்... எல்லாரும் களைத்துப்போய், நட்பு விட்டுப்போய், அவரவர் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

பிந்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த முடிவை அன்றைக்கே படித்திருந்தால் நான் நாகர்கோவில் பஸ்ஸில்தான் ஏறியிருப்பேன். அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் கிழித்ததற்கு நன்றி. அந்தப் பக்கங்களில் மடித்த ஆணியை வாங்கிப்போய் எங்கோ தன் வீட்டுக் கதவை அடித்து நிறுத்திய அந்த முகம் தெரியாத மனிதருக்கும்...