கம்பளி போர்த்திய வைக்கிங் ரொட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு பாத்திரத்தைக் காணவில்லை.

வெறும் பாத்திரமாக இருந்தால் இந்தப் பக்கத்தில் வந்து உங்களிடம் புலம்ப மாட்டேன். அதற்குள்தான் முந்தின நாள் சாயங்காலம் நான் பிசைந்து வைத்த வைக்கிங் ரொட்டி மாவு இருந்தது. மத்தியானம் நார்வேக்கார அம்மா ஒருவர் சாப்பிட வருகிறார். வீட்டில் இருப்பதோ நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். எங்கள் கொடைக்கானல் அட்டுவம்பட்டி வாசலுக்கு வருகிற காட்டெருமை ரோஜாச் செடியை மேயும். பாத்திரத்தையெல்லாம் தூக்கிப் போகாது. அப்புறம் யார் எடுத்திருப்பார்கள்?

சொல்கிறேன். அதற்கு முன்னால், வைக்கிங் எங்கே, நீ எங்கே என்று கேட்பீர்கள் அல்லவா... அதை முடித்துவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகள் சிந்து நார்வேயில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற லார்ஸ் என்ற பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகப் போன தீபாவளி சமயத்தில் போனில் சொன்னாள். நான் கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் கத்தினேன், அடுத்த வாரமே பையன் போட்டோவை அனுப்பச் சொன்னேன். அவள் அப்பா மூன்றையும் செய்யவில்லை. அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மனிதர் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார். கையிலிருக்கும் பேப்பரை உயர்த்துவார். முகம் மறைகிற உயரத்துக்குப் பேப்பர் போய்விட்டால் அன்றைக்கு அவரிடம் ஒன்றும் பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சிந்து வீடியோ காலில் வருவாள். இவர் நகரமாட்டார். அதே சோபாவில், கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில், பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். சிந்துவுக்குத் தெரிவதெல்லாம் அப்பாவின் ஒரு முழங்கால்தான். நடுநடுவே பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். “ஒம் மகள காதுக்கு ஏதாச்சும் கட்டச் சொல்லு. பனி கொட்டுது அங்க.”

நான் சொல்ல வேண்டாம். அவளுக்கே கேட்கும். ஆனால் பாருங்கள், நான் திருப்பிச் சொன்னால்தான் அது செய்தி. இல்லாவிட்டால் அவர் பேசியதாக ஆகிவிடுமே!

சிந்து அவர் ரத்தம். அதே வீம்பு. “அப்பா எங்கிட்ட நேராப் பேசாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஊருக்கும் வரமாட்டேன். முழங்காலப் பாக்குறதுக்கு எதுக்கும்மா டிக்கெட்?” என்று சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் கலங்கியிருந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் லார்ஸின் அம்மா பெரிட் கேரளாவுக்கு ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்தார். அப்படியே மலையேறி எங்களையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று தகவல் அனுப்பினார். ஒரு மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையிலும் இவர் பேப்பரை உயர்த்தினால்? அந்த அம்மா ஊருக்குப் போய் மகனிடம் என்ன சொல்வார்?

வருகிறவரை மனம் குளிர வைக்க வேண்டும் என்று யோசித்தேன். நார்வே என்றால் என்ன? வைக்கிங். கப்பலேறிக் கொள்ளையடித்த அந்தக் காலத்து வைக்கிங் என்ன சாப்பிட்டான்? போனில் தேடினேன். தாடிக்காரர் ஒருவர் தோலைப் போர்த்திக்கொண்டு நெருப்பு முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்ட் கிடையாது. பார்லி மாவு, கொஞ்சம் கோதுமை, ஆளி விதை, மோர், உப்பு, தேன். பிசைந்து, தட்டி, இரும்புச் சட்டியில் போட்டால் முடிந்தது. ப்பூ... இவ்வளவுதானா!

பார்லி எங்கள் வீட்டில் நீர்க்கடுப்புக்குக் கஞ்சி வைக்கிற சாமான். அதைக் கிலோ கணக்கில் வாங்கியதும் பலசரக்குக் கடைக்காரர் “யாருக்கும்மா முடியல?” என்று கவலையோடு விசாரித்தார். தேன் மலைக் கிராமமான பண்ணைக்காட்டிலிருந்து வந்தது. இரும்புச் சட்டிக்குத் தோசைக்கல். நெருப்புக்குக் கொல்லையில் இருக்கிற வெந்நீர் அடுப்பு.

முதல் ரொட்டியை இறக்கியபோது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்தாள். டூரிஸ்ட்களுக்கு ஹோம்ஸ்டே நடத்துகிறவள். கிறிஸ்துமஸுக்கு அவளிடம் கேக் வாங்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. ரொட்டியைத் தட்டில் தட்டிப் பார்த்தாள். கதவு தட்டுகிற சத்தம் வந்தது.

“என்னக்கா இது, இவ்ளோ ஹார்டா இருக்கு? ஈஸ்ட் போடாம ஏன்க்கா ரிஸ்க் எடுக்குறீங்க? நான் ஈஸ்ட் தர்றேன், ஓவன்ல வச்சு சூப்பரா எடுத்துரலாம்.”

“வைக்கிங்குக்கு ஏது ஸ்டெல்லா ஓவன்?”

“வைக்கிங்குக்கு சம்பந்தி விருந்தும் இல்லையேக்கா!”

ஹாலில் பேப்பர் ஒரு ஜாண் உயர்ந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சம்பந்தி என்ற வார்த்தைக்குத் தடை. ஸ்டெல்லா நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த முதல் ரொட்டியை வாசல் பக்கம் போட்டேன். சாயங்காலம் வந்த காட்டெருமை முகர்ந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, மிச்சமிருந்த ரோஜாச் செடியை முடித்துவிட்டுப் போனது. இரண்டாவது ரொட்டி கொஞ்சம் தேவலை. மூன்றாவதை நானே தின்றேன், தாடை வலித்தது. அந்தக் காலத்து எலும்புக்கூடுகளில் பற்கள் தேய்ந்து போயிருக்குமாம். மாவு அரைக்கிற கல்லின் தூள் ரொட்டியில் கலந்ததால் அப்படி என்று படித்தேன். சரித்திரம் என்றால் கஷ்டம் இருக்கத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை சிந்துவிடம் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள்.

“அம்மா! அவங்க வீட்ல வெள்ளிக்கிழமைன்னா ஃப்ரோஸன் பீட்சாம்மா. வைக்கிங் ரொட்டியெல்லாம் அவங்க கண்ணாலகூட பாத்திருக்க மாட்டாங்க. நீங்க நார்வேக்கு வர்றப்ப அவங்க சங்க காலம்னு சொல்லி உடும்புக் கறி ஆக்கி வச்சா நீங்க சாப்பிடுவீங்களா?”

கேள்வி நியாயம்தான். ஆனால் வீட்டில் அத்தனை பார்லி இருக்கிறதே...

“இன்னொண்ணும்மா... பெரிட் ரிட்டயர்டான பல் டாக்டர்.”

சோபா ஓரத்தில் முழங்கால் ஒரு தரம் ஆடியது. நான் அதைக் கவனித்தும் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் மாவைப் பிசைந்து, ராத்திரி ஊறட்டும் என்று மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். ஞாயிறு காலையில் பாத்திரம் மாயம்.

தேடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனால், வெந்நீர் அடுப்பை ஒட்டி ஒரு அட்டைப் பெட்டி. பெட்டியைச் சுற்றி பழைய பழுப்புக் கம்பளி. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

கொடைக்கானலில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியும். கீழே சமவெளியில் மாவு தானாகப் புளிக்கும். இங்கே அதை நாம்தான் சீராட்ட வேண்டும். இல்லையென்றால் இட்லி மாவு மூன்று நாளானாலும் அப்படியே கிடக்கும். ஒரு வீட்டில் குக்கருக்குள் வைப்பார்கள், ஒரு வீட்டில் அரிசி மூட்டைக்குள் புதைப்பார்கள். எங்கள் வீட்டில் அட்டைப் பெட்டி, அதற்குள் வெந்நீர் நிரப்பிய பாட்டில், மேலே இந்தக் கம்பளி. கல்யாணமாகி மலையேறிய நாளிலிருந்து இந்தச் சோலி அவருடையது. என்னை நம்பி விடமாட்டார். கம்பளியின் மடிப்புக்குக்கூட அவரிடம் ஒரு கணக்கு உண்டு.

கம்பளியை விலக்கினேன். ஈஸ்டே இல்லாத என் வைக்கிங் மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. புளிப்பு வாசனை வேறு. மோர் மட்டும் இந்த வேலையைச் செய்யாது. உள்ளே போய் இட்லி மாவுச் சட்டியைப் பார்த்தேன். ஒரு கரண்டி குறைந்திருந்தது.

“ஏங்க! என்ன பண்ணி வச்சிருக்கீங்க? இது பொங்கக் கூடாத மாவுங்க!”

பேப்பர் இறங்கவில்லை. “பொங்கக் கூடாத மாவுன்னு ஒலகத்துல ஒண்ணு உண்டா? ராத்திரி தண்ணி குடிக்க வந்தேன். அம்மிக்கல்லு கணக்கா அசையாமக் கெடக்கு. பாத்துட்டு சும்மா போகச் சொல்றியா?”

“ஈஸ்ட் இல்லாத ரொட்டின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்!”

“நான் எங்க ஈஸ்ட் போட்டேன்? நம்ம மாவுதான ஒரு கரண்டி ஊத்துனேன்.” இப்போது பேப்பர் முழுசாக மடியில் விழுந்தது. “பல் டாக்டருக்குப் போயி பல்லு ஒடையிற ரொட்டியா குடுப்ப? மொத மொதல்ல வீட்டுக்கு வர்ற சம்பந்தியம்மா. நம்ம பிள்ளையப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

ஒரு வார்த்தை மட்டும் என் காதிலேயே நின்றது.

சம்பந்தியம்மா!

அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பேப்பரைத் தேடினார், அது கீழே விழுந்திருந்தது. “வெரசா அடுப்பப் பத்த வை, பொங்குன மாவு காத்திருக்காது” என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். நான் கொல்லைக்கு வந்து விறகை ஊதுகிற சாக்கில் ஒரு பாட்டம் அழுதேன். புகை என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

பெரிட் வந்தார். நல்ல உயரம், நரைத்த கிராப்பு, வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். இவரும் கூப்பினார். அதோடு சரி. மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, இவர் சாம்பாரைப் பார்த்தார், அவர் சன்னலைப் பார்த்தார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன்.

ரொட்டியைக் கொண்டு வைத்து, “இது உங்கள் முன்னோர்களின் ரொட்டி” என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். பெரிட் ஒரு துண்டு பிட்டார். மெத்தென்று வந்தது. தின்றார். யோசித்தார். இன்னொரு துண்டு எடுத்தார்.

“இப்படி ஒன்றை நான் மியூசியத்தில்தான் பார்த்திருக்கிறேன். கரிக்கட்டை மாதிரி இருந்தது. இவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் பீட்சா வாங்கியிருக்க மாட்டேன். என்ன ஈஸ்ட்?”

“ஈஸ்ட் கிடையாது” என்றேன். பொய்யா அது? கடையில் வாங்கியது கிடையாதுதானே. இவர் மோர்க்குழம்பில் தீவிரமாக இருந்தார்.

பெரிட் பையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கட்டியை எடுத்தார். அவர்கள் ஊர்ச் சீஸாம். சீவி ரொட்டிமேல் வைத்துக் கொடுத்தார். இவர் பயந்து பயந்து வாயில் போட்டு, “அட, திரட்டுப்பால்!” என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவைக் கொண்டு வந்து அவர் பக்கம் தள்ளி வைத்தார். பெரிட் அதை ஜாம் மாதிரி ரொட்டியில் தடவ ஆரம்பித்தார். பழனி முருகன் மன்னிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவ எங்களோடு கொல்லைக்கு வந்த பெரிட், அட்டைப் பெட்டியையும் கம்பளியையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஓ! சிந்து சொல்கிற அந்தக் கம்பளி இதுதானா? சிந்துவும் எங்கள் வீட்டில் துண்டு, ஸ்வெட்டர் என்று எதையாவது சுற்றி வைக்கிறாள். பாவம், அவளுக்குப் பொங்குவதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு இட்லி செய்தாள். கல் மாதிரி இருந்தது. அழுதே விட்டாள்.”

“அழுதாளா?” இவர்தான் கேட்டார், ஆங்கிலத்தில், நேராக அவரைப் பார்த்து.

“ஆமாம். லார்ஸ் மட்டும் அத்தனையையும் தின்று தீர்த்தான்.”

“அத்தனையுமா?”

“ஒன்று விடாமல். நான் அவன் பல்லைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது.”

இவர் குனிந்து கம்பளியின் மடிப்பைச் சரி செய்தார். பிறகு என்னிடம் திரும்பி, ரொம்ப மெதுவாக, “பய பரவாயில்ல” என்றார்.

போன் அடித்தது. வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். ஈரக்கையோடு ஓடினேன். எனக்கு முன்னால் அவர் போனை எடுத்துவிட்டார். திரையில் சிந்து. முழங்காலுக்குப் பதிலாக முழு முகத்தைப் பார்த்ததும் அவள் போனை இன்னும் பக்கத்தில் கொண்டு வந்தாள். இரண்டு வீம்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பெரிட் இன்னும் கழுவாத பஞ்சாமிர்தக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் இவர் தொண்டையைச் செருமினார்.

“என்ன தாயி... மாவு பொங்கலையாமே?”

சிந்து உடைந்துவிட்டாள். “பொங்கலப்பா... என்ன பண்ணாலும் பொங்க மாட்டேங்குதுப்பா...”

“துண்டச் சுத்துனா எப்படிப் பொங்கும்? கம்பளி வேணும். அதுவும் மடிப்பு சரியா இருக்கணும். போன்ல சொன்னா வெளங்காது.” மறுபடி செருமினார். “நான் வந்து காட்டுறேன்.”

அவ்வளவுதான். ஆசீர்வாதம், சம்மதம், மன்னிப்பு எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இதைவிட நீளமாகப் பேச வராது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்தவரைக் குளிர வைக்க நாம் அவருடைய முப்பாட்டனைத் தேடிப் போகிறோம். வந்தவர் பாவம், நம்மோடு நாலு வார்த்தை பேசத்தான் வந்திருப்பார். நான் வைக்கிங் வரைக்கும் போய் அலைந்ததற்கு, ஒரு கரண்டி இட்லி மாவோடு அந்த மனிதர் வேலையை முடித்துவிட்டார். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே தெருவெல்லாம் பெருமை தாங்கவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு வைத்து ஈஸ்ட்டைப் பற்றி வகுப்பெடுக்கிறார்.

விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். கம்பளி மட்டும் துவைத்து, மடித்து, சூட்கேஸில் ஏறிவிட்டது. கேட்டால், “அவசரத்துல மறந்துருவோம்டி” என்கிறார்.

விளைவு, போர்த்தக் கம்பளி இல்லாமல் இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு இட்லிதான் அசல் வைக்கிங் ரொட்டி.