கொளஞ்சியின் கரும்புக்கு மேலே

ஆரோக்கிய அனிதா வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். "மூச்ச நல்லா இழுங்க. அப்பிடியே புடிங்க. ம், விடுங்க." நாள் முழுக்க இதையே சொல்லி, முன்பின் தெரியாதவர்களின் விலா எலும்புகளைத் திரையில் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் வீடு திரும்பும்போது தெருவில் நடப்பவர்கள்கூட அவளுக்குக் கொஞ்சம் ஒளி புகுந்தவர்களாகத் தெரிவார்கள். நாற்பதைத் தாண்டியிருந்தாள். கல்யாணப் பேச்சை வீட்டிலும் விட்டுவிட்டார்கள், பங்குக் கோயில் ஜனங்களும் விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் தோள்பட்டை வலியென்று வந்த கல்யாண போட்டோக்காரர், புதிதாகப் பெரிய ட்ரோன் வாங்கிவிட்டதாகவும் பழைய சின்னதைத் தள்ளிவிடப் போவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். "எனக்குக் குடுங்க" என்று அனிதா சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மடக்கினால் உள்ளங்கையில் அடங்குகிற, லைசென்ஸ் கேட்காத அளவுக்கு இலேசான சாமான் அது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, திருவந்திபுரம் தாண்டி, நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகும் ஊர்ப்பக்கம் வந்துவிடுவாள். வரப்பில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலைக்கும் போனுக்குமாகச் சேர்த்துப் போர்த்திக்கொண்டால் சின்னதாக ஓர் இருட்டு உண்டாகும். அந்த இருட்டுக்குள் ஒரு திரை. ஆனால் இதில் எலும்புகள் இல்லை. கெடிலம் ஆறு மணலுக்குள் புதைந்து புதைந்து எழுந்து போகும். கொக்குகள் அவளுக்குக் கீழே பறக்கும். காற்று கரும்புத் தோகைகளைத் தடவிக்கொண்டு போவது, தூங்குகிற ஏதோ ஒன்று புரண்டு படுப்பதுபோல இருக்கும். உடம்பு வரப்பிலேயே இருக்க, தான் மட்டும் கழன்று மேலே போய்விட்டதாக அவளுக்குத் தோன்றும். எல்லாவற்றையும் பதிவு செய்து, ராத்திரி சாப்பிடும்போது மறுபடி போட்டுப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிறு, துப்பட்டாவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"யாரும்மா நீ? எந்த ஆபீசு?"

தலையில் துண்டு கட்டிய ஐம்பது வயதுக்காரர். அந்தக் கரும்புக் கொல்லைக்குச் சொந்தக்காரர் கொளஞ்சி.

"ஆபீசெல்லாம் இல்லண்ணே. சும்மா பொழுதுபோக்குக்கு."

"பொழுதுபோக்கா? எங்க மச்சான் ஊருலயும் இப்பிடித்தான் சொன்னானுவ. மொதல்ல இது பறந்துச்சி. அப்பறம் மஞ்சக் கல்லு நட்டானுவ. இப்ப அங்க ரோடு போவுது. கீழ எறக்கு."

அனிதா சிரித்தபடி கேட்டுவிட்டாள். "ஆகாசத்துக்குக்கூடவா பர்மிசன் வாங்கணும்?"

கொளஞ்சியின் முகம் இறுகியது. "ஆகாசம் ஒன்னோடதுன்னா அங்கியே போயி நில்லு. இப்ப ஒங்காலு நிக்கிறது என் பட்டாவுல."

அவள் ட்ரோனை இறக்கி, மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் பக்கத்துக் கொல்லைக்குப் போனாள். அது கொளஞ்சியின் தம்பியுடையது. தம்பி மனைவி ரத்தினம்மாள் கொத்தமல்லி பறித்துக்கொண்டிருந்தாள். அனிதா இந்த முறை முதலிலேயே அனுமதி கேட்டாள்.

"தாராளமா வுடும்மா. ஆனா வரப்பு தாண்டாமப் பாத்துக்க. அந்தாண்ட எங்க மூத்தாருது. ரெண்டு வூட்டுக்கும் பேச்சுவார்த்த கெடையாது."

வரப்பைத் தாண்டாமல்தான் ஓட்டினாள். ஆனால் ஆனி மாதத்து மேல்காற்றுக்கு வரப்பு தெரியவில்லை. ஒரு வீச்சில் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொளஞ்சியின் மார்பளவு கரும்புக்குள் போட்டுவிட்டது. போனில் படம் நின்றுபோயிற்று.

சுற்றிலும் யாருமில்லை. நுழைந்து தேடினால் கிடைத்துவிடும். ஆனாலும் அனிதா வரப்பை விட்டு இறங்கவில்லை. வெயில் ஏறியது. ரத்தினம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். நெடுநேரம் கழித்துக் கொளஞ்சி மோட்டார் போட வந்தார்.

"அண்ணே, காத்துல வந்து ஒங்க கரும்புல வுழுந்துடுச்சி. உள்ள எறங்கலாமாண்ணே?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நாந்தான் இல்லியே. எடுத்துக்கினு போயிருக்கலாமில்ல?"

"கேக்காம எப்பிடிண்ணே."

கொளஞ்சி தோகைகளை விலக்கி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையெல்லாம் சுணை கீறிச் சிவந்திருந்தது. இறக்கை ஒடிந்த ட்ரோனை நீட்டியவர், உடனே விட்டுவிடவில்லை.

"இதுல என்னாதான் தெரியுது?"

அவள் துப்பட்டாவை விரித்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, அவர் அந்த நிழலுக்குள் தலையை நீட்டினார். விழுவதற்கு முன் பதிவான படம் ஓடியது. கரும்பு வெயிலில் வெளிறிக் கிடந்தது. அதன் நடுவே கரும்பச்சையாக ஒரு பட்டை, மெதுவாக வளைந்து, வரப்பைக் கண்டுகொள்ளாமல், இரண்டு கொல்லைகளையும் கடந்து போனது.

அனிதாவின் விரல் தானாக அதன்மேல் போயிற்று. எலும்பு முறிந்து ஒட்டிய இடத்தை நிறத்தை வைத்தே கண்டுபிடித்துப் பழகிய விரல். "ஆறுண்ணே. எப்பவோ இந்தப் பக்கமா ஓடியிருக்கு. அடியில இன்னும் ஈரம் இருக்கு."

கொளஞ்சி வெகுநேரம் பார்த்தார். "உழும்போது அந்த எடத்துலதான் ஆத்து மணலு வரும். கிளிஞ்சலுகூட வரும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவன் கொல்லையில அந்த எடம் மட்டும் எப்பவும் பச்சையா இருக்கும். என் தண்ணியத் திருப்புறான்னே நெனச்சிக்கினு..." மேல்காற்று தோகைகளை உரசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் தண்ணீர் ஓடுவதுபோலவே இருந்தது. இருவரும் அதைக் கேட்டபடி நின்றார்கள்.

பிறகு அவர் நிமிர்ந்தார். "இத அழிச்சிடும்மா. எவன் கையிலயாவது போச்சின்னா இங்கியும் கல்லு நட்டுடுவானுவ. நீ பறக்க வுடு, வேணாங்கல. வந்தவொடன ஒரு கொரலு குடு. படம் மட்டும் புடிக்காத."

அழித்தால் ராத்திரி மறுபடி போட்டுப் பார்க்க அது இருக்காது. ஆனாலும் அவர் கண்ணெதிரிலேயே அழித்தாள்.

இறக்கை மாற்றி மீண்டும் வந்தாள். பதிவு இல்லாததால் முதலில் கை நிறையப் பிடித்த தண்ணீர் ஒழுகிப் போவதுபோல இருந்தது. போகப் போக, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்கப் பழகினாள். ஜன்னலில்லாத அறையில், அடுத்த ஆளைக் கூப்பிடுமுன் ஒரு நொடி கண்ணை மூடினால், அந்தப் பச்சை வளைவு தானாக வந்து நின்றது. எந்தப் பதிவும் அவளுக்கு அப்படி வந்ததில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு கரும்பு ஆளுயரம் தாண்டி எங்கும் ஒரே பச்சையாகிவிட்டது, வளைவு தெரியவில்லை. அப்போதும் கொளஞ்சி வந்து பார்ப்பார். ஒரு ஞாயிறு அவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில், வரப்புக்கு அந்தப் பக்கம் ரத்தினம்மாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷனும் நின்றான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கொளஞ்சி அனிதாவின் கையிலிருந்த போனை வரப்புப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார்.

"அதோ, அந்தாண்டையிலேர்ந்து வந்து, இப்பிடிப் போவுது" என்று, ஒன்றுமே தெரியாத பச்சையின்மேல் விரலால் வளைத்துக் காட்டினார்.

தம்பி ஓரடி முன்னால் வந்து குனிந்தான். அனிதா ட்ரோனை இன்னும் உயர ஏற்றினாள்.