அக்காவின் காக்கிச் சதுரங்கள்

ஆஸ்பத்திரித் தையல் அறையில் பத்தொன்பது வருஷமாகக் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிறவள் அவள். சொந்தபந்தத்தில் யாருக்கு என்ன கிழிந்தாலும் ஒரு பை அவள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா இறந்து ஒரு மாதம் கழித்து வந்தது பையல்ல, பெட்டி. அக்கா மகனும் அவன் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே ஒட்டுப் போர்வைக்கான முப்பத்தாறு கட்டங்கள், ஒன்றோடொன்று சேர்க்கப்படாமல் இருந்தன.

அக்கா இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, கால் வீங்க வீங்க நின்றே பிள்ளையை ஆளாக்கியவள். ரிட்டயரானதும் தன் காக்கிச் சட்டைகளைக் கையகலச் சதுரங்களாக வெட்டினாள். ஒவ்வொரு சதுரத்தையும் நடுவில் வைத்து, மகனின் பள்ளிச் சட்டை, தங்கையின் பூப்போட்ட கவுன், பழைய ஜன்னல் திரை என்று பட்டை பட்டையாகச் சுற்றித் தைத்தாள். சேர்த்துத் தைப்பதற்குள் படுத்துவிட்டாள். அதை நீ பாத்துக்கோ என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சேர்த்துத் தைத்துக் கொடுத்தால், தங்கள் வீட்டில் சோபாவுக்கு மேலே சுவரில் மாட்டப் போகிறார்களாம். போர்த்திக்கொள்ள வேண்டியதைச் சுவரில் மாட்டுவானேன் என்று தோன்றியது. போகட்டும், அம்மா நினைவாகக் கேட்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அக்கா மருமகள் போனில் சோபாவின் படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறம்.

"அந்தக் காக்கியை மட்டும் எடுத்துடுங்க சித்தி. சோபாவோட சேரல."

சட்டைப் பட்டனை மாற்றச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். சித்தி அவளைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். அவன் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். கல்லூரிக் காலத்தில், வருகிற பஸ்ஸில் அம்மா இருந்தால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றவன் இவன். அக்கா அதை ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்ட இவளுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் பெண்டாட்டியைப் பேசவிட்டு நிற்கிறான்.

மேஜையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். ஒரு கட்டத்தின் நடுச் சதுரத்தைச் சுற்றியிருந்த நாலு பக்கத் தையலையும் அவசரப்படாமல் பிரித்தாள். காக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாக அவன் முகம் தெரிந்தது.

"எடுத்தாச்சு. நல்லா இருக்கா?"

அங்கே சாம்பல் வெல்வெட் வைக்கலாமே என்றாள் அந்தப் பெண்.

"இது உங்க பங்கு, கொண்டு போங்க. மத்ததுல ஒரு நூலைக்கூட நான் பிரிக்க மாட்டேன்."

ஓட்டைக் கட்டத்தை அவன் கையில் திணித்துப் பெட்டியை மூடினாள். அது எங்க அம்மா பொருள் என்று அப்போதுதான் அவனுக்கு வாய் வந்தது. அம்மாவா, உனக்கா, பரவாயில்லையே, இப்பவாவது ஞாபகம் வந்ததே என்று கேட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

ஆறு வாரம், வேலை விட்டு வந்து தினமும் தைத்தாள். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை. கோபத்தில் ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. கடைசி மூலையில் ஒரு கட்டம் குறைந்தது. அந்த இடத்தில் வேறு துணி வைக்காமல், பிரித்தெடுத்த காக்கிச் சதுரத்தை மட்டும் ஊக்கால் குத்தி வைத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தான். மனைவி பக்கத்தில் இல்லை போலிருக்கிறது, குரல் தாழ்ந்திருந்தது. போர்வை முடிந்ததா, ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று கேட்டான்.

"ஒரு கட்டம் உன்கிட்ட இருக்கு. அதை எடுத்துட்டு வா, தைச்சிடறேன்" என்றாள். "கார்ல வேணாம். ஸ்டாப்புல நில்லு, முதல்ல வர்ற பஸ்லயே ஏறி வா."