பாட்டு முடியும்வரை வேகும் பீட்சா

புகை வந்தபோது நான் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தேன். ஜெயந்தன் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி மாவை இழுத்துக்கொண்டு நின்றான்.

“தம்பி, அடுப்பைப் பார்,” என்றேன்.

“பாட்டு இன்னும் முடியேல்லை அண்ணை,” என்றான்.

இது விளங்க வேண்டுமென்றால் எங்கள் கூத்தைச் சொல்ல வேண்டும். பாரிஸின் லா சப்பலில் நாங்கள் வேலை செய்த இத்தாலிய உணவகத்தில், பத்ரோன், அதுதான் எங்கள் முதலாளி, எந்நேரமும் ஒரே ஆல்பத்தைத்தான் போடுவார். பாடகி முன்பு இயந்திர இரைச்சலை வைத்து ஏதேதோ பரிசோதனை செய்தவராம். அந்த இசைத்தட்டுகளை யாரும் சீண்டவில்லையாம். இந்த ஒன்று மட்டும் இத்தாலி முழுக்க விற்றுத் தள்ளியதாம். எங்களுக்கு அது கடிகாரம். ஒரு பாட்டுக்கு ஒரு பீட்சா. நீளப் பாட்டென்றால் கோரஸ் இரண்டாம் முறை வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

அன்று யாரோ வாடிக்கையாளர் கேட்டாரென்று பத்ரோன் அந்தப் பாடகியின் பழைய இசைத்தட்டைப் போட்டுவிட்டார். ஒரே ரீங்காரம். எங்கே தொடங்கியது, எப்போது முடியும் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

ஜெயந்தனுக்கு அது சோதனைக்காலத்தின் கடைசிக் கிழமை. நிரந்தர கொந்த்ரா, அதாவது வேலை ஒப்பந்தம், கிடைத்தால்தான் கிளிநொச்சியில் இருக்கும் மனுசியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம்.

பத்ரோன் உள்ளே பாய்ந்து வந்தார். “என்ன, நித்திரையோ?”

நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் ஜெயந்தன் தெரிந்த பிரெஞ்சில் உண்மையைக் கொட்டிவிட்டான். “பாட்டைக் கேட்டுத்தான் சுடுறனாங்கள். இது முடியிற பாட்டில்லை.”

“உள்ளுக்கை பார்க்கேலாதோ?”

“அடுப்பு லைட் எரியிறேல்லை.”

“எப்ப இருந்து? ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

பதிலுக்கு நில்லாமல் பத்ரோன் போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்தார். “இப்ப சுடு, பாப்பம்.”

ஜெயந்தனுக்கு நிலைகொள்ளவில்லை. கதவைத் திறந்தான், மூடினான், குனிந்து மணந்து பார்த்தான். “வெக்கை போகுது, திறக்காதை,” என்று பல்லைக் கடித்தேன். கடைசியில் எடுத்தான். ஒரு பக்கம் கொஞ்சம் கூடச் சிவந்திருந்தது. பத்ரோன் நின்றபடியே பிய்த்துத் தின்றார். பிறகு மிச்சத்தையும் தின்றார்.

“திங்கக்கிழமை வந்து கொந்த்ராவிலை கையெழுத்து வை,” என்றார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழுதான சாமானோடு முணுமுணுக்காமல் வேலை செய்வதுதான் நல்ல வேலைக்காரனுக்கு அழகு என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு பல்ப் கேட்கக் கூச்சப்பட்டு, ஜெயந்தனின் குடும்பத்தையே அடுப்புக்குள் வைத்திருந்தோம்.