அண்ணாச்சியின் பிக்கப் தலை நிமிர்ந்த கதை

வண்டிகளுக்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பார்க்கும் சஸ்பென்ஷன் தொழிலில் வண்டி ஷெட்டுக்குள் நிற்கும்வரை பயம் வண்டிக்காரருக்கு, வெளியே போன பிறகு பயம் நமக்கு. கேஸை அணைத்தோமா, வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருகிற ஆளா நீங்கள்? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். மந்தைவெளியில் ஷெட் வைத்திருக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

குனிந்த தலை

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் புத்தம் புதுப் பிக்கப்போடு வந்தார். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் ஒரு கல்யாணச் சீரையே ஏற்றலாம். அவ்வளவு பெரிய வண்டி வாங்கியும் மனுஷர் முகத்தில் சந்தோஷம் இல்லை. வண்டியின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட இரண்டு விரல்கடை தாழ்ந்திருக்கிறதாம்.

"கம்பெனியில அப்படித்தான் விடுவாங்க அண்ணாச்சி. பின்னால சுமை ஏத்தினா சமமாயிடும்" என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை ஊரில் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணை அந்த வண்டியில்தான் அழைத்துப் போகிறார். முன் ஸ்பிரிங்கின் தலையில் கனமான வட்டு ஒன்றை வைத்து வண்டியின் முகத்தைத் தூக்கலாம், லெவலிங் கிட் என்று பெயர். அதை வைத்தே ஆகவேண்டும் என்று நின்றார்.

"நான் குனியலாம் தம்பி, பொண்ணப் பெத்தவன். என் வண்டி எதுக்குக் குனியணும்ங்கேன்?"

நட்டுக்கு நெயில் பாலிஷ்

கிட் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து இறக்கி, வட்டை வைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். மேலே பக்கத்துக்கு மூன்று நட்டு. பானெட்டைத் திறந்தாலே தெரியும். அவை தளர்ந்தால் வேகத்தில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் இறுக்கி முடித்த நட்டு ஒவ்வொன்றிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பேன். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். கோடு இல்லையென்றால் எனக்குத் தூக்கம் இல்லை.

பாலிஷ் நம் வீட்டு அலமாரியிலிருந்து வருவதுதான். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது என் மனைவி சொன்னது:

"அடுத்த ஜென்மத்துல உங்க ஷெட்டுல நட்டாப் பொறக்கறேன். அப்பவாவது எனக்குப் பாலிஷ் கிடைக்கும்."

எதிர்வீட்டுப் பெருமாள்

முகத்தைத் தூக்கினால் முகத்திலிருக்கும் விளக்கும் கூடவே தூக்கிக்கொள்ளும். எனக்குத் தெரியாததல்ல, அன்றைக்கு மறந்துபோனது. சாயங்காலம் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, விளக்கை அணைக்காமல் ஷெட் வாசலில் நிறுத்திப் போன் பேசிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் நேரே எதிர்வீட்டு மாடிக்குள் அடித்தது. அங்கிருக்கும் மாமா பால்கனிக்கு வந்தார். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதுதான் கூச்சமாகப் போயிற்று.

"எங்காத்துப் பெருமாளுக்கு நாங்களே தீபாராதனை காட்டிண்டுடறோம்ப்பா. நீ லைட்டைக் கொஞ்சம் இறக்கிடு."

பத்தரை மணி

வெள்ளிக்கிழமை காலை. விளக்கை இறக்கியாயிற்று, வீல் அலைன்மென்ட்டும் முடிந்தது. மேல் நட்டுகளைக் கடைசியாக ஒரு தடவை இறுக்கிக் கோடு போடுவது மட்டும் பாக்கி. இடது பக்கம் முடித்து வலது பக்கம் வந்தேன். அதே நேரம் அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து இறங்கினார். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும் என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டு, பெட்டி, பூக்கூடை, மகள் எல்லாம் ஏறியாயிற்று. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. என் கூட்டாளி டில்லி பானெட்டை இறக்கினான். வண்டி தலை நிமிர்ந்து போனது. அழகாகத்தான் இருந்தது.

நிம்மதியாக டீயை வாயில் வைக்கும்போது டில்லி கேட்டான்:

"ஆமா, ரைட்டு சைடு டைட்டு வச்சியா நைனா?"

மூன்றிலும் சிவப்பு

வைத்தேனா? ஸ்பேனர் கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. நட்டில் வைத்தது ஞாபகம் இல்லை. அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. டில்லி பைக்கைக் கிளப்பினான், நான் ஸ்பேனரோடு பின்னால் ஏறினேன். பெருங்களத்தூர் வந்தபோதுதான் அண்ணாச்சி குரல் கேட்டது. செங்கல்பட்டு தாண்டிக் காபிக்கு நிறுத்தியிருக்கிறார்களாம். பானெட்டைத் திறந்து வலது பக்க நட்டுகளில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

"மூணுலயும் இருக்கு தம்பி" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. "வழியில பானெட்டத் தொறந்து பூஜை போட்டோம்லா, என் வீட்டுக்காரி எல்லா நட்டுக்கும் குங்குமம் வச்சிருக்கா" என்றார். வந்த உயிர் மறுபடியும் போனது. கொஞ்சம் துடைத்துவிட்டு, அடியில் கோடு தெரிகிறதா என்று பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"நிச்சயத்துக்குப் போற வழியில குங்குமத்த அழிக்கச் சொல்லுதியளா தம்பி?"

குங்குமத்துக்கு அடியில்

வண்டியை எடுக்காதீர்கள், வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு வழியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் அது எந்தப் பக்கம் போகிறது என்று எட்டிப் பார்த்தேன். டில்லி பைக்கை முறுக்கிக்கொண்டே போனான்.

ஹோட்டல் வாசலில் வண்டி நின்றது. அந்தப் பெண் தலை நிறையப் பூவோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பானெட்டைத் திறந்தேன். முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மூன்றாவதில் என் முழுப் பலத்தையும் போட்டேன். ம்ஹும். ஸ்பேனர் பட்டுக் குங்குமம் உதிர்ந்த இடத்தில் என் நெயில் பாலிஷ் கோடு காய்ந்து பளபளத்தது. என் கை அதன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு எனக்குத்தான் தகவல் சொல்லாமல் விட்டிருக்கிறது. அப்படியே முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அண்ணாச்சி மனைவி குங்குமச் சிமிழோடு வந்து, குங்குமம் உதிர்ந்த நட்டுகளுக்கெல்லாம் திரும்பப் பொட்டு வைத்தார். அதே விரலால் என் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டுக் கேட்டார்:

"நல்லாத்தான முறுக்கியிருக்கிய தம்பி? பொறவு எதுக்கு அழுதிய?"

இத்தனை வருடத் தொழிலில் நான் படித்த பாடத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்: நெயில் பாலிஷைப் பச்சை நிறத்தில் வாங்குங்கள்.